பலகை ஏறும் கால்களுக்கு ஒரு சப்பாத்து

கிள்ளானில் எங்கள் தாமான் மண்டபத்தில் ஞாயிறு காலை ஸ்டெப் வகுப்பு நடக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் நாற்பதைத் தாண்டிய பெண்கள். அவர்கள் கால்களை வரிசையாகப் பார்த்தாலே ஒவ்வொரு வீட்டிலும் என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும். ஒருவர் மகன் பல்கலைக்கழகம் போனபோது விட்டுப்போன ஓட்டச் சப்பாத்தோடு வருவார். இன்னொருவர் மகளுக்குச் சிறிதாகிவிட்ட பள்ளிச் சப்பாத்து. கணவர் பேட்மிண்டன் ஆடித் தேய்த்த ஜோடியில், முன்னால் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு வந்தவரும் உண்டு. பள்ளி திறக்கும்போதெல்லாம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கட்டை விரலை அமுக்கிப் பார்த்து, புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். தனக்கென்று ஒரு ஜோடி, அதுவும் உடற்பயிற்சிக்கென்றே, கடையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்து வாங்கியவர்கள் மிகச் சிலர்.

எனக்கு இது பெரிய மனக்குறை. அதனால்தான் இந்தப் பதிவு இவ்வளவு நீளம்.

போன தைப்பூசம் முடிந்த வாரம் ஓர் ஆண்ட்டி கேட்டார்: "ஏம்மா, பத்துமலையில 272 படியையும் வெறுங்காலோடதான் ஏறுறோம். இந்த ஒத்தப் பலகைக்கு எதுக்குச் சப்பாத்து?" நல்ல கேள்வி. அன்று வகுப்பு முடிந்து நாங்கள் இருவரும் கணக்குப் போட்டோம். ஸ்டெப் வகுப்பில் பாட்டின் வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 120 தாளத்தை ஒட்டி இருக்கும். வலது மேலே, இடது மேலே, வலது கீழே, இடது கீழே என்று நான்கு தாளத்துக்கு ஓர் ஏறி இறங்கல். அப்படியானால் நிமிடத்துக்கு 30. நாற்பது நிமிடத்தில் 1,200. பத்துமலைப் படிக்கட்டை நான்கு தடவைக்கு மேல் ஏறிய எண்ணிக்கை அது. பலகை 15 சென்டிமீட்டர் உயரம் என்றால் மொத்தம் 180 மீட்டர் ஏறி, அதே 180 மீட்டரை இறங்கியும் இருக்கிறோம்.

எண்ணிக்கையைவிட முக்கியம், இறங்கும் விதம். கோயில் படியில் முன்னே பார்த்து, நம் வேகத்தில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறோம். ஸ்டெப் பலகையிலிருந்து பின்பக்கமாக இறங்குகிறோம். தரையைப் பார்ப்பதில்லை. முதலில் தரை தொடுவது பாதத்தின் முன்பகுதி, அதாவது விரல்களுக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தடித்த சதை. பிறகுதான் குதிகால். ஒவ்வொரு இறக்கத்திலும் உடல் எடைக்கு மேலான விசையை முதலில் வாங்குவது அந்த முன்பாதம். நடுவே பக்கவாட்டில் பலகையைத் தாண்டுவது, மூலையிலிருந்து மூலைக்குப் போவது, ஒற்றைக் காலில் முட்டியைத் தூக்குவது, திரும்புவது எல்லாம் வரும். முன்பாதத்துக்கு மெத்தை, பக்கவாட்டில் ஆடாத பிடி, கணுக்கால் புரளாத அளவுக்குத் தரையை ஒட்டிய அடி: ஸ்டெப் சப்பாத்திடம் நாம் கேட்பது இவைதான். மற்ற அலங்காரமெல்லாம் பிறகு.

இதனால்தான் மகனின் ஓட்டச் சப்பாத்து பொருந்தாது. அது மலிவானது, பழையது என்பதால் அல்ல. விலை உயர்ந்த புத்தம் புதியதும் பொருந்தாது. ஓட்டக்காரர் நேராக முன்னே போகிறார். பெரும்பாலோர் குதிகாலை முதலில் ஊன்றுகிறார்கள். அதற்காகவே குதிகாலின் கீழ் நுரை தடிமனாகவும் முன்பாதத்தின் கீழ் மெலிதாகவும் வைக்கிறார்கள். வித்தியாசம் வழக்கமாக எட்டு முதல் பன்னிரண்டு மில்லிமீட்டர். இப்போது வரும் பஞ்சு மெத்தைச் சப்பாத்துகளில் நுரை இன்னும் உயரம். சாலை ஓட்டப் போட்டிகளுக்கு அடி 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு 2020-இல் வரம்பு கட்ட வேண்டிய அளவுக்குப் போயிற்று. நான்கு சென்டிமீட்டர் நுரையின் மேல் நின்றபடி பலகையின் விளிம்பில் பாதி பாதத்தை வைத்துப் பாருங்கள், கணுக்கால் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியும். குதிகால் பக்கம் அகன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அடி, பின்னால் இறங்கும்போது பலகை விளிம்பில் தட்டும். ஆழமான பள்ளங்கள் கொண்ட அடி, திரும்பும்போது தரையைக் கவ்விக்கொள்ளும். பாதம் நிற்க, உடம்பு திரும்ப, முறுக்கு முழுவதும் முட்டிக்குப் போகும்.

பள்ளிச் சப்பாத்தின் பிரச்சினை நேர் எதிரானது. நாம் படித்த காலத்து வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து எல்லோருக்கும் நினைவிருக்கும். சனிக்கிழமை தேய்த்துக் கழுவி, வெள்ளை பூசி, ஐந்தடியில் காய வைப்போம். இப்போது பிள்ளைகளுக்குக் கறுப்பாகிவிட்டது. வெள்ளையோ கறுப்போ, அடி தட்டை. அதனால் கணுக்கால் புரளாது, அது நல்லதுதான். ஆனால் முன்பாதத்துக்கு மெத்தை என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. நான்கு வாரம் ஆடினால் விரல்களின் அடியில் எரிச்சல் தொடங்கும்.

இந்தப் பயிற்சியே முட்டி வலியிலிருந்து பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்க ஏரோபிக்ஸ் பயிற்றுநர் ஜின் மில்லருக்கு 1980களின் பிற்பகுதியில் முட்டியில் காயம். தசையை வலுப்படுத்த ஒரு பால் பெட்டியின் மேல் ஏறி இறங்கச் சொன்னார் மருத்துவர். அதைப் பாட்டோடு செய்யத் தொடங்கியவர், பிறகு ரீபொக் நிறுவனத்தோடு சேர்ந்து உலகம் முழுக்கக் கொண்டுபோனார். அதே ரீபொக்தான் 1982-இல் ஃப்ரீஸ்டைல் என்ற சப்பாத்தைப் பெண்களின் ஏரோபிக்ஸுக்கென்றே வெளியிட்டது. மெல்லிய தோல், வளையும் அடி, கணுக்காலைச் சுற்றி உயர்ந்த பட்டை கொண்ட வடிவமும் அதில் உண்டு. பெண்கள் ஆடும் ஆட்டத்துக்கு ஏற்ப ஒரு சப்பாத்தை உருவாக்க வேண்டும் என்று அன்றே ஒரு நிறுவனம் யோசித்திருக்கிறது. நாம் இன்னும் மிச்சச் சப்பாத்தில் ஆடிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது கடைகளில் "ஸ்டெப்" என்று எழுதிய சப்பாத்து அநேகமாகக் கிடைக்காது. கேட்க வேண்டியது "டிரெயினிங்" அல்லது "கிராஸ் டிரெயினர்" அல்லது நடன உடற்பயிற்சிச் சப்பாத்து. அதிலும் ஒரு பிரிவை ஒதுக்கிவிடுங்கள். பளு தூக்குவதற்கென்று கல் மாதிரி கெட்டியான அடியோடு வருபவை நமக்கு வேண்டாம். கட்டை விரலால் முன்பகுதியின் பக்கவாட்டை அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும்.

அகலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பெண்கள் கடையில் தோற்றுப்போய்த் திரும்புவது இங்கேதான். "எனக்கு எந்தச் சப்பாத்தும் சேராது, என் கால் அப்படி" என்று காலைக் குறை சொல்லிக்கொண்டு வருவார்கள். காலில் ஒரு குறையும் இல்லை. கிறிஸ்டியான் டாவுட் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியாவில் வாழ்நாள் முழுக்க வெறுங்காலோடு நடந்தவர்கள், அங்கேயே செருப்பு, சப்பாத்து போட்டவர்கள், மேற்கத்தியர்கள் ஆகிய மூன்று தரப்பினரின் பாதங்களையும் அளந்தது. வெறுங்காலர்களின் பாதம் அகன்றது. நடக்கும்போது அழுத்தமும் பாதம் முழுக்கச் சீராகப் பரவியது. மேற்கத்தியரின் பாதம்தான் மற்ற இரு தரப்பையும்விட ஒடுக்கம். அதற்கு முன்பே, 1992-இல், மணிப்பாலைச் சேர்ந்த ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 2,300 குழந்தைகளைச் சோதித்தார்கள். தட்டைப் பாதம் சப்பாத்து, செருப்பு போட்டவர்களில் 8.6 விழுக்காடு, போடாதவர்களில் 2.8 விழுக்காடு. வீட்டுக்குள் வெறுங்காலும் வெளியே சிலிப்பருமாக வளர்ந்த நம் பாதம் விரல்களை விரித்து வளர்ந்திருக்கிறது. பெண்களுக்கென்று வரும் சப்பாத்துகள் பெரும்பாலும் ஒடுங்கிய அச்சில் செய்யப்படுபவை. நம் பாதம் அதில் அடங்காவிட்டால் தவறு அச்சில்.

அதனால் கூச்சப்படாமல் ஆண்கள் பகுதிக்குப் போங்கள். யூகே எண்ணில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அளவு ஏறக்குறைய ஒன்றே, ஆனால் ஆண்களின் அச்சு அகலம். சில நிறுவனங்கள் "வைட்" அல்லது "2இ" என்று அகலத்தைத் தனியே குறிக்கும். கேட்டால் எடுத்துத் தருவார்கள். அளவு எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை: ஒரே நாக்கில் யூகே, யூஎஸ், ஐரோப்பா, சென்டிமீட்டர் என்று நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். நம்பிக்கையானது சென்டிமீட்டர். வீட்டில் ஒரு தாளில் நின்று, குதிகாலிலிருந்து நீண்ட விரல் நுனி வரை கோடு போட்டு அளந்து கொண்டுபோங்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும். பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும்.

எப்போது போவது? மாலையில். பகல் முழுக்க நின்று நடந்த பாதம் வீங்கியிருக்கும், வகுப்பின் நடுவிலும் அப்படித்தான் இருக்கும். பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்த்துவிட்டு கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் பிடித்துக் கிள்ளான் வருகிறவர்களுக்கு இது வசதி. ரயிலுக்கு முன் நூ சென்ட்ரலில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிச் சேலை பார்க்கக் காட்டும் பொறுமையில் கால்வாசி போதும். வகுப்புக்குப் போடும் அதே காலுறையைப் பையில் எடுத்துப் போங்கள். கடையில் கொடுக்கும் மெல்லிய காலுறையில் எல்லாமே சேருகிற மாதிரிதான் தெரியும்.

சப்பாத்து கைக்கு வந்ததும் காலில் நுழைக்க அவசரப்படாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய அட்டையை உருவித் தரையில் போட்டு, அதன் மேல் எழுந்து நில்லுங்கள். பாதத்தின் ஓரம் அட்டைக்கு வெளியே வழிந்தால் அந்த ஜோடி ஒடுக்கம். விற்பனையாளர் "போடப் போட லூசாயிடும்" என்று சொன்னாலும் எடுக்காதீர்கள். முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் மிச்சமிருக்க வேண்டும். அடுத்து, இரு கையாலும் பிடித்து மடியுங்கள். விரல்கள் மடியும் இடத்தில்தான் சப்பாத்தும் மடிய வேண்டும். நடுவில் இரண்டாக மடிந்தால் பாதத்தின் வளைவுக்கு ஆதரவு கிடையாது. துணி பிழிவது போல முறுக்கினால் கொஞ்சம்தான் முறுக வேண்டும். குதிகாலைச் சுற்றியுள்ள பகுதியை இரு விரலால் நசுக்கினால் நசுங்கக் கூடாது.

பிறகு இரண்டையும் போட்டு, நாடாவை மேல் துளை வரை கட்டி, கடையின் வாசற்படியிலோ நடைபாதை விளிம்பிலோ ஏறிப் பின்பக்கமாக இறங்குங்கள். யாராவது பார்த்தால் பார்க்கட்டும். பத்து தடவை இறங்கினாலே குதிகால் வழுக்குகிறதா, விரல் முன்னால் இடிக்கிறதா என்று காலே சொல்லிவிடும். பக்கவாட்டில் இரண்டு அடி வைத்துப் பாருங்கள். பாதம் சப்பாத்துக்கு வெளியே சரிந்து போவது போல் இருந்தால் மேல்துணி தளர்ச்சி. ஒற்றைக் காலில் நின்று அரை வட்டம் திரும்புங்கள். எங்கும் கவ்விக்கொள்ளக் கூடாது.

நீங்கள் ஆடும் தரையும் கணக்கில் வர வேண்டும். பளபளப்பான ஓடு பதித்த மண்டபத்தில் நாலு பேர் வேர்வை சொட்டினால் போதும், வழுக்கும். அங்கே மென்மையான ரப்பர் அடி வேண்டும். பூப்பந்துக் கூடத்தில் போடும் பழுப்பு நிற அடி அந்த வகை. கூடைப்பந்துத் திடலிலும் கார் நிறுத்துமிடத்திலும் நடக்கும் செனாம்ரோபிக்கில் தரையே சொரசொரப்பு. அங்கே அவ்வளவு பிடிப்பு தேவையில்லை, தேயாத ரப்பர் முக்கியம். எங்கே ஆடினாலும், தெருவில் நடந்து வந்த சப்பாத்தோடு பலகையில் ஏறாதீர்கள். மழைத் தண்ணீரும் மணலும் அடியில் ஒட்டியிருக்கும். சிலிப்பரில் வந்து மண்டபத்தில் மாற்றிக்கொள்வதே நல்ல பழக்கம்.

சிலர் பரதநாட்டியம் கற்றவர்கள். பிரிக்பீல்ட்ஸ் டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் பிள்ளைப் பருவம் முழுக்க வெறுங்காலில் தட்டியவர்கள். வெறுங்காலில் ஆட அவர்களுக்கு ஆசை இருக்கும், அந்தப் பாதங்களுக்கு வலுவும் உண்டு. ஆனாலும் பலகையின் விளிம்பும் பின்பக்க இறக்கமும் அவர்கள் பழகிய தரை அல்ல. சுண்டு விரல் பலகையில் இடித்தால் பல வாரம் ஆட முடியாது. பலகை இல்லாத பயிற்சிகளை வெறுங்காலில் செய்யட்டும், பலகைக்குச் சப்பாத்து போடட்டும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். 2023-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வளர்ந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் சமூகத்தில் அது மற்றவர்களைவிட அதிகம் என்பது ஒவ்வோர் ஆய்விலும் வருகிறது, நம் வீட்டு விசேஷங்களில் சீனி இல்லாத தேநீர் கேட்கும் கைகளை எண்ணினாலும் தெரியும். வகுப்புக்கு வரும் பலர் கிளினிக் கெசிஹாத்தான் மருத்துவர் நடக்கச் சொன்னதால் வந்தவர்கள். நீரிழிவு நீண்ட நாள் இருந்தால் பாதத்தின் உணர்வு நரம்புகள் மங்கும். அப்படிப்பட்டவர் கடையில் "சொகமா இருக்கு" என்று சொன்னால் அதை நம்பிவிட முடியாது. இறுக்கமே அவருக்கு உறைக்காது. உணர்வு குறைந்ததால் இறுக்கமானதைத்தான் "நல்லா பிடிக்குது" என்று தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. அவர்கள் கால் சொல்வதை விட்டு அளவை நம்ப வேண்டும்: தாளில் போட்ட கோடு, அட்டை மேல் நின்று பார்ப்பது, கட்டை விரல் இடைவெளி.

புதுச் சப்பாத்தை முதல் நாளே முழு வகுப்புக்குப் போடக் கூடாது. வீட்டில் அரை மணி நேரம் போட்டு, கழற்றி, பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் சிறிது நேரத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தில் சப்பாத்து அழுத்துகிறது. ஒவ்வொரு தடவையும் கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்த்துத்தான் போட வேண்டும். ஒரு சிறு கல் நாற்பது நிமிடம் உள்ளே இருந்தால் அவருக்குத் தெரியாது, புண்ணாகிய பிறகுதான் தெரியும். காலுறை வெளிர் நிறமாக இருந்தால் இரத்தக் கறை உடனே கண்ணில் படும். வருடத்துக்கு ஒரு முறை கிளினிக்கில் பாதப் பரிசோதனை கேளுங்கள். ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை. உணர்வு குறைந்துவிட்டது என்று சொன்னால், பலகை ஏறலாமா வேண்டாமா என்று அந்த மருத்துவரிடமே கேட்டு முடிவெடுங்கள்.

விலை? பத்து மாதம் உழைக்கும் நல்ல ஜோடிக்கு நூற்றுச் சொச்சத்திலிருந்து முந்நூறு ரிங்கிட் வரை நினைத்துக்கொள்ளலாம், மலிவு விற்பனையில் இன்னும் குறையும். பசார் மாலாமில் பெரிய பெயர் ஒட்டி விற்கும் நகல் வேண்டவே வேண்டாம். பெயர் மேலேதான், உள்ளே எந்த நுரை என்று யாருக்கும் தெரியாது.

வாங்கியதை நம் சீதோஷ்ணத்திலிருந்து காப்பாற்றுவது தனி வேலை. பெட்டியில் பத்திரமாக மூன்று வருடம் வைத்திருந்த சப்பாத்து, போட்ட அன்றே அடி கழன்று, நனைந்த பிஸ்கட் போல உதிர்ந்ததைக் கிள்ளானில் பார்க்காத வீடு இல்லை. காரணம் உண்டு. பாலியூரித்தேன் என்ற நுரை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே முறியும். நம்மூர் ஈரப்பதத்தில் அது வேகமாக நடக்கும். போடாமல் பெட்டியில் அடைத்து வைத்தால் தப்பும் என்று நினைக்க முடியாது. நல்லது என்று மிச்சம் பிடித்து வைக்காமல் வாங்கியதும் போட்டு ஆடித் தீர்த்துவிடுவதே லாபம். இவிஏ என்ற இன்னொரு வகை நுரை அப்படி உதிராது, ஆனால் நாளடைவில் அமுங்கி இறுகிவிடும். வகுப்பு முடிந்ததும் அட்டையை உருவி, நாடாவைத் தளர்த்தி, பழைய பேப்பரைச் சுருட்டி உள்ளே திணித்து, நிழலில் காற்றாட வையுங்கள். கார் பூட்டில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், அந்த வெப்பத்தில் ஒட்டுப்பசை விட்டுவிடும்.

மாற்றும் காலம் வந்ததா என்று மேல்துணியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சப்பாத்தை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் முடிந்தது. முன்பகுதி நுரையில் குறுக்குச் சுருக்கங்கள் ஆழமாக விழுந்து, அமுக்கினால் திரும்பி எழாவிட்டாலும் அப்படித்தான். வகுப்புக்கு மறுநாள் காலையில் விரல்களின் அடியிலோ முட்டியின் முன்பக்கமோ புதிதாக வலி வந்தால் அதுவும் ஓர் அறிகுறி. பழைய ஜோடியைச் சந்தைக்குப் போக வைத்துக்கொள்ளுங்கள், பலகைக்கு மட்டும் வேண்டாம்.

புதுச் சப்பாத்தோடு வரும் முதல் வாரம் பலகையின் அடியில் இருக்கும் கூடுதல் கட்டைகளை எடுத்துவிடுங்கள். வெறும் பலகை பத்து சென்டிமீட்டர் போதும். புது அடியின் உயரமும் பிடிப்பும் பாதத்துக்குப் பழக இரண்டு மூன்று வகுப்பு ஆகும். பின்னால் இறங்கும்போது பலகையை ஒட்டியே இறங்குங்கள், முன்பாதம் தொட்டதும் குதிகாலையும் முழுதாகத் தரையில் வையுங்கள். அளவு, அகலம் பற்றிச் சந்தேகம் இருந்தால் உங்கள் பாதக் கோட்டுத் தாளை ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள், வகுப்புக்குப் பிறகு உட்கார்ந்து பார்ப்போம்.